பத்து வரை எண்ணிய கதாநாயகன்

சாலிகிராமத்தில் ஒரு சின்ன டப்பிங் தியேட்டரில் நான் சவுண்ட் எடிட்டர். கம்ப்யூட்டரில் மேலே படம் ஓடும், கீழே குரல் கோடுகோடாகக் கிடக்கும். இரண்டையும் பொருத்துவதுதான் என் வேலை. நடிகர்கள் வாயையெல்லாம் படிக்கும் எனக்கு, என் மனைவி சொல்வது மட்டும் இன்றுவரை புரிந்ததில்லை.

ஒருநாள் கதாநாயகர் ஆதவராஜ் வந்தார். மழையில் நின்று வில்லனிடம் அவர் பேசும் வசனத்தை, அவரே டப்பிங் பேசிய குரலோடு ஓட்டிக் காட்டினேன். உதடும் குரலும் ஒட்டவேயில்லை.

"உனக்கு வேலை தெரியலை. சாயங்காலத்துக்குள்ள பொருந்தலைன்னா வேற ஆளை வைக்கச் சொல்லிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குரலை இழுத்துப் பார்த்தேன், சுருக்கிப் பார்த்தேன். என் திறமையில் எனக்கே சந்தேகம் உண்டு என்பதால், மதியம்வரை அவர் சொன்னதை நம்பினேன். பிறகு குரலை அணைத்துவிட்டு வாயை மட்டும் பார்த்தேன். விளங்கிவிட்டது.

சாயங்காலம் டைரக்டர் தமயந்தி மேடமும் கூட வந்தார்.

"இப்போ இம்மியும் பிசகாது சார்" என்று ஓட்டினேன்.

திரையில் ஆதவராஜ் கண் சிவக்க வாய் திறந்தார். என் கீச்சுக்குரல் கேட்டது: "ஒண்ணு, ரெண்டு, மூணு..." பத்து வரை கச்சிதமாகப் பொருந்தியது. வசனம் மனப்பாடம் ஆகாததால் மனிதர் எண்ணியிருக்கிறார். செயற்கை மழையின் இரைச்சலில் ஷூட்டிங் அன்று யாருக்கும் கேட்கவில்லை.

ஆதவராஜ் தரையைப் பார்த்தார். மேடம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இதையே வெச்சுக்கலாம். பத்து எண்றதுக்குள்ள ஓடிடுன்னு வில்லனை மிரட்டுற மாதிரி."

படத்தில் அந்த இடத்துக்குத்தான் விசில் பறந்தது. அடுத்த படத்துக்கும் நானே வேண்டும் என்று ஆதவராஜ் கேட்டாராம். பெருமையாகத்தான் இருந்தது, அதில் கோர்ட் காட்சியைப் பார்க்கும்வரை. வசனம் நீளம். நூறு வரை எண்ணி வைத்திருக்கிறார்.