கரடியார் கேட்காத கூமுட்டை

ஆலங்காட்டுக் குகைச் சிறைக்குக் கரடியார்தான் காவல். உள்ளே ஒரே ஒரு கைதி, உடும்பு. ஆள்காட்டிக் குருவியின் முட்டைகளைத் தின்றதற்கு ஒரு மழைக்காலம் தண்டனை. அது முடிந்தாலும் உடனே விட்டுவிட மாட்டார்கள். முட்டைக்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க வாய் வைக்காமல் இருந்து காட்டவேண்டும். அப்படி இருக்கப் பழக்குவது காவல்காரர் வேலை. காட்டுச் சட்டம் அது!

கரடியாருக்கோ புற்றைக் கண்டால் கறையான், மரத்தைக் கண்டால் தேன். பழக்க நேரம் ஏது? மழைக்காலத்துக்கு மழைக்காலம் நீதிபதி யானையார் வந்து விசாரிப்பார். "இன்னும் திருந்தலைங்க ஐயா!" என்பார் கரடியார். யானையாரும் தலையாட்டிவிட்டுப் போவார். தண்டனை முடிந்து இப்படியே மூன்று வருஷம் ஓடிப்போயிற்று.

இந்த மழைக்கு யானையார் வந்ததும் உடும்பு குகை வாசலில் நின்று கத்தியது. "ஐயா! என் பெண்டாட்டி ஆத்தங்கரை வளையில காத்திருக்கா. திருந்தலை, திருந்தலைன்னு சொல்றாரே, ஒரு முட்டையைக் கண்ணுல காட்டினாரா?"

"காட்டினா லபக்குன்னு முழுங்கிடுவான் ஐயா!" என்றார் கரடியார்.

"இதுவரைக்கும் எத்தனை முழுங்கினான்?" என்று கேட்டார் யானையார்.

கரடியார் தலையைச் சொறிந்தார். விசாரணை பார்க்க வந்த கூட்டமே அவரைப் பார்த்தது.

"நானும் கேட்காமலே போனேனே!" என்று யானையார் வருத்தப்பட்டார். "இன்னிக்கே ஆரம்பி!"

கரடியார் குருவியிடம் போனார். "பொரிக்காத கூமுட்டை இருந்தாக் குடு தாயி."

"இதுக்கா இத்தனை வருஷம்? அன்னிக்கே கேட்டிருந்தா தந்திருப்பேனே!" என்றது குருவி. கரடியாருக்கு மானம் போயிற்று.

முதல் நாள் உடும்பு முட்டையை விழுங்கிவிட்டு, "தோத்துட்டேனே!" என்று அழுதது.

"அழாதே தம்பி, நாளைக்குப் பார்க்கலாம்" என்றார் கரடியார்.

மறுநாள் நக்கியதோடு நிறுத்திக்கொண்டது. ஐந்தாம் நாள் பொழுது சாயும்வரை தொடவே இல்லை. விடுதலை!

உடும்பு ஆற்றங்கரைக்கு ஓடியது. கரடியாரும் கூடவே போனார். வளை தூர்ந்து கிடந்தது.

"போன மழை வரைக்கும் உன்னைக் கேட்டுக் கேட்டு அழுதா. அப்புறம் எங்க போனாளோ தெரியலை" என்றது அங்கிருந்த நண்டு.

உடும்பு மண்ணைப் பறித்துப் பறித்துப் பார்த்தது. ஐந்தே நாள் வேலை! அதற்கு மூன்று வருஷம் போயிற்றே! கரடியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "என்னை மன்னிச்சிடு தம்பி" என்றார்.

உடும்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திருந்தினால்தான் விடுவோம் என்று அடைத்து வைப்பவர், திருந்த வழி செய்து தராவிட்டால், அன்றிலிருந்து குற்றவாளி அவர்தான்.