லாபம் என்றொரு மூட்டை

கதையைக் கேட்டுவிட்டு நிதானமாகத் தீர்ப்புச் சொல்லுங்கள். அவசரப்பட்டவர்கள் இந்தக் கதைக்குள்ளேயே போதுமான அளவு இருக்கிறார்கள்.

காங்கயம் பக்கம் நல்லசிவம் என்பவருக்கு ஓர் அரிசி ஆலை. ஆலை முழுவதற்கும் ஒரே சாஃப்ட்வேர் வாங்க நினைத்து இரண்டு கம்பெனிகளை வரவழைத்தார். எது நல்லதென்று சோதித்துச் சொல்லும் பொறுப்பை மேனேஜர் கோகிலவாணியிடம் விட்டார். இரண்டும் அருகருகே ஓடின. முதலாவதில், லாரியிலிருந்து இறங்கிய நெல் மூட்டைகளின் மொத்தத்தைக் குடோன் பொறுப்பாளர் சென்னியப்பன் கடைசியில் பதிவார். இரண்டாவதில், அவர் எண்ணிச் சொல்லச் சொல்ல, ஹைதராபாத்திலிருந்து வந்த கம்பெனிக்காரர் ரமணா ராவ் மூட்டைக்கு ஒரு தட்டாக டேப்லெட்டில் தட்டுவார்.

முதலாவது முந்நூறு என்றால் இரண்டாவது இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றது. அடுத்த லாரியில் நூறு, இரண்டாவதில் தொண்ணூற்றொன்பது. எந்த லாரி வந்தாலும் ஒரு மூட்டை குறைந்தது.

நல்லசிவத்துக்கு முகம் கறுத்துவிட்டது. "ஆளு சொல்றத நம்புற சாஃப்ட்வேர்ல சரியா இருக்குது. ஒவ்வொண்ணா எண்ணுறதுல குறையுது. என்னங்க அர்த்தம்?" என்று சென்னியப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

இருபத்திரண்டு வருஷம் உழைத்த மனிதர் கோகிலவாணியைப் பார்த்தார். "அடுக்கி வெச்ச மூட்டைய ஒருக்கா எண்ணிப் பாருங்க அம்மணி."

அறுவடைக் காலம். லாரிகள் வாசல்வரை வரிசைகட்டி நின்றன. "அப்பறம் பாக்கலாங்கண்ணா" என்றாள் அவள். அன்று மாலையே, 'இரண்டாவதே சிறந்தது, திருட்டைக் காட்டிக்கொடுக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். சென்னியப்பனின் வேலை போயிற்று.

புது ஆள் வந்த பிறகும், அவர் சொன்ன மொத்தத்தைவிட டேப்லெட்டில் லாரிக்கு ஒரு மூட்டை குறைந்தது. பத்தாம் நாள் கோகிலவாணி முதன்முறையாகக் குடோனுக்குள் போய் நின்றாள். "லாபம், ரெண்டு, மூணு..." என்று புது ஆள் எண்ணிக்கொண்டிருந்தார். நெல்லை 'ஒன்று' என்று எண்ணத் தொடங்குவதில்லை, 'லாபம்' என்று தொடங்குவதுதான் வழக்கம். அவள் பிறந்த வீட்டிலும் அப்படித்தான். ரமணா ராவின் விரலோ 'ரெண்டு' என்ற பிறகுதான் அசைந்தது.

"லாபங்கறது ஏதோ சாமி பேர்னு நினைச்சேன் மேடம்" என்றார் அவர், பாவம்.

நல்லசிவமும் அவளும் சென்னியப்பன் வீட்டுக்குப் போனார்கள். நல்லசிவம் மன்னிப்புக் கேட்டு, வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார். சென்னியப்பன் இருவருக்கும் தண்ணீர் கொடுத்தார். "புள்ளைக்குப் பேசி வெச்ச சம்பந்தம் நின்னு போச்சுங்க மொதலாளி. மூட்டை கெடைச்சிருச்சு, சரிங்க. அத எங்க போயித் தேடறது?" என்றார்.

வழக்கம் தெரியாமல் தட்டிய ரமணா ராவா, திரையை நம்பி ஆளைச் சந்தேகித்த நல்லசிவமா, கையெழுத்திட்ட கோகிலவாணியா? இந்தப் பழியை யார் சுமப்பது?

கோகிலவாணிதான். வெளியூர்க்காரருக்கு நம் வழக்கம் தெரியாதது குற்றமில்லை. முதலாளி அவசரக்காரர், அதனால்தான் நிதானமாகச் சோதிக்க ஒருத்தியை வைத்தார். முந்நூறு மூட்டையிலும் ஒன்று, நூறிலும் ஒன்று என்று அளந்து திருடும் திருடன் எங்கே இருக்கிறான்? சாஃப்ட்வேரைச் சோதிக்கச் சொன்னால் அவள் ஆளைச் சோதித்தாள், அதையும் எண்ணிப் பார்க்காமல். இந்த விடையை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்பும் வழியில் நல்லசிவம், "உங்க மேல தப்பில்லீங்க" என்று சொன்னபோதுதான் அவள் அழுதாள்.