ஆறு விரல் உத்தியோகம்

மாங்கோட்டை ராஜா உத்தமபூபதிக்கு இருந்தது இரண்டே காது. இரண்டிலும் எந்நேரமும் சிபாரிசுதான். சாப்பிட உட்கார்ந்தால் சமையற்காரர் தன் தம்பிக்குக் காவல் வேலை கேட்பார். முகம் மழிக்கிறவரோ, கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே மருமகனுக்குக் கணக்கர் வேலை கேட்பார். கத்தி அங்கே இருக்கும்போது மறுக்க முடியுமா? அரண்மனையில் கணக்கர்கள் பெருகிப்போனார்கள்.

ஒருநாள் ராஜாவுக்குப் பொறுமை போயிற்று. "இனி எவனுக்காக யார் சிபாரிசு செய்தாலும், அவனுக்கு அந்த வேலை கிடையாது. இது என் ஆணை" என்றார்.

"அருமையான ஆணை" என்று முதலில் தலையாட்டியவர் மந்திரி அனந்தநம்பி. சிபாரிசு செய்யாமலே காரியம் முடிக்கிற வழி அவருக்குத் தெரியும்.

அப்போது பெரிய ஏரிக்கு மதகு அதிகாரி இல்லை. போன மழையில் கரை உடைந்து தாழத்தெருவில் பாதி வீடுகள் கரைந்துபோயிருந்தன. அடுத்த மழைக்குள் ஆள் போட்டாக வேண்டும். தகுதிகளை மந்திரி வகுத்துக் கொடுத்தார். ஊரெங்கும் தமுக்கு அடித்தார்கள்.

"மதகு அதிகாரி வேலைக்கு வருகிறவர் வடக்கு வீதியில் பிறந்திருக்க வேண்டும். குரல் கட்டையாக இருக்க வேண்டும். இடது கையில் ஆறு விரல் இருக்க வேண்டும்."

அரசவைப் புலவர் நல்லபெருமாள் தன் வீட்டு வாசலில் நின்று இதைக் கேட்டார். அவர் வீடு தாழத்தெருவில், ஏரிக்கரைக்கு நேர் கீழே. வடக்கு வீதியில் ஆறு விரலோடு இருக்கிற ஒரே ஆள் கோதண்டம். மந்திரியின் மைத்துனன். உச்சிவெயிலுக்குப் பிறகு எழுந்திருக்கிறவன். தண்ணீருக்கும் அவனுக்கும் தீபாவளிக்குத் தீபாவளிதான் சம்பந்தம்.

ராஜாவிடம் புகார் சொல்லலாம். ஆனால், "நான் அவனுக்காக ஒரு வார்த்தை பேசினேனா?" என்று மந்திரி கையை விரிப்பார். பேசியும் இருக்க மாட்டார்.

தேர்வு நாளன்று, யோசித்தபடியே நல்லபெருமாள் அரண்மனைக்கு நடந்தார். கோட்டை வாசலில் திருவிழாக் கூட்டம். அரண்மனைச் சம்பளம் என்றால் சும்மாவா? ஐந்து விரல்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஒரு பொம்மைக்காரர் மெழுகில் விரல் பிடித்து விற்றார். பக்கத்தில் ஒருவர் பந்தல் போட்டு, குரலைக் கட்டையாக்கப் பயிற்சி கொடுத்தார். உள்ளேயிருந்து எருமைத் தொழுவம் போலச் சத்தம் வந்தது. வெயில் ஏற ஏற, வாங்கிய விரல்கள் உருகி முழங்கைவரை வழிந்தன.

வரிசையில் ஒருவர் மட்டும் வெறும் கையோடு நின்றார். பெயர் மாசிலாமணி.

"நீர் விரல் வாங்கவில்லையா?" என்றார் நல்லபெருமாள்.

"இருக்கிற ஐந்தை வைத்துத்தானே ஐயா போன வருஷம் உடைப்பில் மண்மூட்டை அடுக்கினேன்."

"தமுக்கு கேட்டும் ஏன் வந்தீர்?"

"எல்லா வேலைக்கும் வருகிறேன். கிளிக்கூண்டு வேலைக்கு வந்தபோது மூக்கு வளைந்திருக்க வேண்டும் என்றார்கள். இன்றைக்கும் கிடைக்காது. ஆனால் வீட்டுக்காரி 'போனாயா?' என்று கேட்டால், போனேன் என்று சொல்லலாம்."

அதற்குமேல் நல்லபெருமாளால் நிற்க முடியவில்லை. உள்ளே போனார்.

அவையில் மந்திரி எழுந்தார். "மகாராஜா, இத்தனை கூட்டத்தில் தகுதி உள்ளவர் ஒரே ஒருவர்தான் தேறினார்."

கோதண்டம் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு முன்னே வந்தான். ராஜா முத்திரை மோதிரத்தைக் கையில் எடுத்தார்.

நல்லபெருமாள் எழுந்து கும்பிட்டார். "மகாராஜா, இவரைப் போல ஒருவர் இனிப் பிறக்கப் போவதில்லை. இந்த வேலையை இவருக்கே தர வேண்டும் என்று நான் மனமாரச் சிபாரிசு செய்கிறேன்."

ராஜா மோதிரத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"உம்மை யாரய்யா கேட்டது?" என்றார் மந்திரி. முகம் சிவந்துவிட்டது.

"யார் செய்தாலும் என்பதுதானே ஆணை? கேட்காமல் செய்தால் கணக்கில் சேராது என்று மகாராஜா சொல்லவில்லையே."

"ஆணை ஆணைதான்" என்றார் ராஜா. "கோதண்டம், நீ போகலாம்."

மந்திரிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அப்படியானால் வெளியே நிற்கிற அத்தனை பேரையும் நான் சிபாரிசு செய்கிறேன். ஒருவனுக்கும் வேலை கிடைக்கக் கூடாது."

"தாராளமாகச் செய்யுங்கள்" என்றார் நல்லபெருமாள். "யாருக்குச் சிபாரிசு என்று பெயர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்."

மந்திரி வெளியே நின்ற கூட்டத்தை எட்டி எட்டிப் பார்த்தார்.

"மந்திரியாரே, மனுப் போட்டவர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா உமக்கு?" என்றார் ராஜா.

"கோதண்டம்" என்றார் மந்திரி.

ராஜாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. "விரல் கணக்கெல்லாம் போகட்டும். நல்லபெருமாள், அங்கே தகுந்த ஆள் யார்?"

புலவர் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் சொன்னால் அவர் பிழைப்புப் போய்விடும். மகாராஜாவே வந்து கேட்க வேண்டும்."

ராஜா கோட்டை வாசலுக்கு வந்தார். "கரை உடைந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். ஒருவர் அரண்மனைக்கு ஓலை எழுதுவேன் என்றார். ஒருவர் யாகம் வளர்ப்பேன் என்றார். மாசிலாமணி, "தாழத்தெருவில் கதவு கதவாகத் தட்டிச் சனங்களை மேட்டுக்கு அனுப்புவேன். அப்புறம்தான் மண்ணைத் தொடுவேன்" என்றார். மோதிரம் அவர் கைக்குப் போயிற்று. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மெழுகாக இருக்குமோ என்று.

அன்று மாலையே அனந்தநம்பியின் பதவி பறிபோனது. ராஜா நல்லபெருமாளுக்கு முத்துமாலை போட்டு, "மந்திரி பதவியையும் நீரே ஏற்றுக்கொள்ளும்" என்றார்.

"மன்னிக்க வேண்டும் மகாராஜா. அந்த வேலைக்கு முக்கியமான தகுதி ஒன்று என்னிடம் இல்லை."

"என்ன இல்லை?"

"மைத்துனன்."