வெடுக்கியிடம் பேரம் பேசாத வீடு

அந்தக் காலத்தில் பறவைக்கும் விலங்குக்கும் ஒரே பேச்சுதான். கோழி கொக்கரித்தால் அணிலுக்குப் புரியும், அணில் முணுமுணுத்தால் எருமை பதில் சொல்லும். சோளம் அறுத்து முடித்த மறுநாள் அவர்களுக்கு வேஷத் திருநாள். குஞ்சும் குட்டியும் பூவரசிலையில் முகமூடி செய்து கட்டிக்கொண்டு வளை வளையாக, கூடு கூடாகப் போய் நிற்கும். தின்பண்டம் கொடுக்கிறவர்களும் முகமூடி போட்டுக்கொண்டுதான் வாசலுக்கு வரவேண்டும். கொடுத்தது யார், வாங்கியது யார் என்று கேட்பதற்கில்லை. கேட்டால் மறுநாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போது கூச்சம் வந்துவிடும் என்று எப்போதோ செய்துவைத்த ஏற்பாடு அது.

அங்கே வெடுக்கி என்று ஒரு செவலைக் கோழி இருந்தாள். முட்டையிலிருந்து வந்த மூன்றாம் நாளே தாயைப் பருந்துக்குப் பறிகொடுத்துவிட்டுக் குப்பைமேட்டில் தானாக வளர்ந்தவள். பாதிப் புழுவுக்காகக் காக்கையோடு வாதாடி, ஒரு நொய்க்காக எறும்போடு மல்லுக்கட்டி உடம்பைத் தேற்றியவள். கோபம் எப்போதும் அலகு நுனியில் நிற்கும். பேரத்தில் முதலில் சொன்ன பேச்சோடு அவளிடமிருந்து தப்பியவர் யாரும் இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வருஷம் அவளுடைய ஏழு குஞ்சுகளுக்கும் முதல் திருநாள். கிளம்பும்போதே சட்டம் போட்டுவிட்டாள்.

"ஏழு பேரும் ஒரே வரிசை. எவன் கூப்பிட்டாலும் வாசலைத் தாண்டி உள்ளே கால் வைக்கக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிடணும். கிடைச்சதை வீட்டுக்கு வந்துதான் திங்கணும்."

"ஏன்?" என்று கேட்டான் கடைக்குட்டி சுண்டன்.

"நான் சொல்றேன்ல, அதான்."

சுண்டனுக்கு முகமூடி பெரிசு. நாலடி நடப்பதற்குள் இரண்டு கல்லில் முட்டிக்கொண்டான். வெடுக்கி அவனை நிறுத்தி, கண்ணுக்கு வைத்த ஓட்டையை அலகால் கிழித்துப் பெரிதாக்கினாள்.

"அய்யோ, என் சிங்க முகம் போச்சு" என்று சிணுங்கினான்.

"பள்ளத்துல விழுந்த சிங்கத்தை எவன் பார்க்கப்போறான்? நட."

முதல் வீடு அணிலுடையது. முகமூடி போட்டு என்ன செய்ய, பின்னால் வால் நின்றுகொண்டு காட்டிக்கொடுத்தது. ஆறு நிலக்கடலையை எடுத்து வைத்தது அணில்.

"கண்ணுல என்ன கோளாறு? பிள்ளைங்க ஏழு" என்றாள் வெடுக்கி.

"கடைசியா நிக்கிறது பிள்ளையா? நான் ஏதோ பஞ்சுன்னு நினைச்சேன்."

"பஞ்சுக்கும் பசிக்கும். எடு."

"திருநாள்ல கூடவா அக்கா வாய் ஓயாது?" என்று முனகிக்கொண்டே ஏழாவதை எடுத்தது அணில். அதுவும் சொத்தைக் கடலை. வெடுக்கி அதைத் திருப்பிக் கொடுத்து நல்லதாக வாங்கிய பிறகுதான் நகர்ந்தாள். மயில் வீட்டில் கம்புக்காகவும் இப்படித்தான். எருமைத் தொழுவத்தில் எள்ளுப் பிண்ணாக்குக்காகவும் இப்படித்தான். குஞ்சுகளின் கழுத்தில் தொங்கிய இலைப் பைகள் உப்பிக்கொண்டே வந்தன. வெடுக்கிக்கு உச்சி குளிர்ந்தது.

வெயில் சாயும்போது புற்றுக்குப் பக்கத்தில் ஒரு புது வளையைப் பார்த்தார்கள். முயல் முகமூடி போட்ட ஒருவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். வாழைச் சருகில் செய்த காது இரண்டும் ஆடின. முன்னால் தேன் வாசம் வீசும் தினைமாவு உருண்டைகள்.

"வாங்கம்மா. ஆளுக்கு ஒண்ணு" என்றான்.

"ஆளுக்கு ரெண்டு" என்றாள் வெடுக்கி, பழக்கத்தில்.

"எடுத்துக்குங்க."

"மூணா குடுத்தா என்ன குறைஞ்சுபோவே?"

"மூணாவே எடுத்துக்குங்க. பிள்ளைங்க களைச்சுப்போயிருக்கு, இங்கேயே தின்னுட்டு உள்ளே வந்து கொஞ்சம் சாயட்டும்."

"அதெல்லாம் வேண்டாம்" என்று பையை நிரப்பிக்கொண்டு கிளம்பினாள். ஒரே வாசலில் இருபத்தோரு உருண்டை. வாழ்நாளில் இப்படி ஒரு வெற்றி அவளுக்கு வாய்த்ததில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு பத்தடி நடந்தாள். பதினோராவது அடியில் கால் நின்றுவிட்டது.

அணில் ஒரு கடலைக்கு அழுதது. மயில் ஒரு பிடி கம்புக்கு முகத்தைத் திருப்பியது. இவன் ஏன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை? தன் பொருள் போகிறதே என்று கொஞ்சம்கூட வயிறு எரியாதவனுக்கு அது திரும்பி வரும் என்ற தைரியம் எங்கிருந்தோ இருக்க வேண்டும்.

திரும்பிப் பார்த்தாள். சுண்டனின் அலகில் ஒரு உருண்டை.

வெடுக்கி பாய்ந்த வேகத்தில் குஞ்சு ஒரு பக்கம் உருண்டது, உருண்டை ஒரு பக்கம் உருண்டது. அதைக் கொத்தித் தரையில் போட்டாள். உடையவில்லை. மறுபடி கொத்திப் போட்டாள். பிளந்தது. தினைமாவுக்கு நடுவில் மிளகாய் விதைபோலத் தட்டை தட்டையாக ஊமத்தை விதை. தின்றால் கண் சொருகும், பிறகு காலும் எழாது. குப்பைமேட்டில் வளர்ந்தவளுக்கு அந்த விதையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"விழுங்கினியாடா?"

"இல்லம்மா. நக்கித்தான் பார்த்தேன்."

"துப்பு. இன்னும் துப்பு."

அதற்குள் முயல் முகமூடிக்காரன் பின்னாலேயே வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் நீளமான, புசுபுசுவென்ற வால் மண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தது. எந்த முயலுக்கு அப்படி வால்? ஓடினால் ஏழில் ஒன்றாவது பின்தங்கும். அவள் ஓடவில்லை. சிறகை விரித்தாள், ஏழும் உள்ளே புகுந்தன. பிறகு ஊரே கேட்கிற குரலில் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்தாள்.

"இன்னும் பேரம் முடியலப்பா. இதுல ஒண்ணே ஒண்ணை நீ தின்னு. பார்த்துட்டு நாங்க திங்கிறோம்."

"நான் இப்பதான் சாப்பிட்டேன்."

"பாதி."

"வேண்டாம்மா."

"கால்வாசி. ஒரு பொட்டு. பிள்ளைங்களுக்குக் கொடுத்ததைத் தின்ன உனக்கு என்ன வலிக்குது?"

அவள் சத்தத்துக்கு அணில் மரத்திலிருந்து இறங்கியது. மயில் வந்தது. எருமை அசைபோடுவதை நிறுத்திவிட்டு நாலடி முன்னால் வைத்தது. உடைந்து கிடந்த உருண்டையை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். முகமூடிக்காரன் பின்வாங்கினான். எருமை பெருமூச்சு விட்டதில் சருகுக் காதோடு முகமூடியும் பறந்துபோக, அடியில் இருந்தது கீரியின் முகம். அடுத்த நொடி புதருக்குள் போனவன் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து சேர்ந்தார்கள். இருபத்தோரு உருண்டையையும் எருமை மிதித்துச் சேற்றில் புதைத்துவிட்டது. சுண்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை, வாய்தான் ஓயவில்லை.

"அப்ப நாங்க எதைத்தான் திங்கிறது?"

வெடுக்கி அணில் கொடுத்த கடலையை எடுத்தாள். தரையில் தட்டினாள். கீழே போட்டு ஒரு கண்ணால் பார்த்தாள், தலையைச் சாய்த்து மறு கண்ணாலும் பார்த்தாள். ஒரு துணுக்கு தின்று கொஞ்ச நேரம் பொறுத்திருந்தாள். அப்புறம்தான், கோபமெல்லாம் இறங்கிய குரலில், "கொக், கொக்" என்று கூப்பிட்டாள். ஏழும் ஓடி வந்து விழுந்தன. வயிறு நிறைந்ததும் அவள் சிறகுக்குள்ளேயே தூங்கிப்போயின.

அன்று முதல்தான் குஞ்சு பொரித்த கோழி எதைக் கிளறி எடுத்தாலும் ஒருமுறைக்கு இருமுறை கொத்திக் கீழே போட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறது. பார்க்கிறவர்களுக்கு இரை அலகிலிருந்து நழுவுவதுபோலத் தெரியும். நழுவவில்லை. அது இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறது.