சீயக்காய் போட்ட வழி

“டீச்சர், எப்படித் திருப்பிப் போட்டாலும் இந்தப் பாறை குறுக்கே வந்துருது,” என்றாள் பிரகாசி.

“அது எங்கேயும் வரலியேக்கா. இருந்த இடத்திலேதான் இருக்கு.”

பிரகாசிக்கு நாற்பத்தெட்டு வயது. டீச்சர் குழல்வாய்மொழிக்கு முப்பத்தாறு.

இருபது வருஷமாக அடுத்தவர் போட்ட பிளானை நகலெடுத்தே காலம் தள்ளிய பிரகாசி, கட்டடம் வரையக் கற்றுக்கொள்ள இவளிடம் வந்து சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. சின்னவள் அக்கா என்பாள். பெரியவள் டீச்சர் என்பாள். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று கேட்பவர்களுக்குக் குழப்பம் வந்துவிடும்.

பிரகாசி தனியாக ஏற்றுக்கொண்ட முதல் வேலை இது. மலையடிவாரத்தில், அருவித் தண்ணீர் ஓடையாக இறங்கும் கரையில், ஓர் எண்ணெய்க் குளியல் இல்லம். போர்டில் ஸ்பா என்று எழுதப் போகிறார்கள்.

இயற்கையோடு ஒட்டி இருக்கவேண்டும் என்று முதலாளி செண்பகராமன் மூன்று தடவை சொல்லியிருந்தார். பதினோரு மணிக்குப் பாறை உடைக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும் அவரேதான் சொல்லியிருந்தார்.

அதற்குள் லைசென்ஸ் உள்ள டீச்சர் பிளானில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் வேலை கைநழுவும். பிரகாசி பழையபடி நகலெடுக்கப் போகவேண்டியதுதான். போட்டுவிட்டால் பாறை போய்விடும். அதை ஒட்டி வேர்விட்டு நிற்கும் மருதமரமும் கூடவே போகும்.



பிரகாசி அந்த ஓடைக்கரையிலேயே ஏழாவது பிளானை விரித்தாள். வாசலிலிருந்து ஓடைவரை நூல் பிடித்தாற்போல ஒரு நடைவழி. அதன் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். குளிக்கப் போகிறவர்கள் அருவியைப் பார்த்துக்கொண்டே போகலாம், இயற்கை அப்படியே உள்ளே வந்துவிடும் என்று விளக்கினாள். பாறை மட்டும்தான் மறைக்கிறது.

டீச்சர் பிளானைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“கடைசியா எப்பக்கா எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சீங்க?”

பிரகாசிக்கு நினைவில்லை. ஷாம்பூ பாக்கெட் வந்த பிறகு அதற்கெல்லாம் யாருக்கு நேரம் என்றாள்.

“இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே. உட்காருங்க.”

முதலாளி வருகிற நேரமாச்சே, மாற்றுத்துணிகூட இல்லையே என்று பிரகாசி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வாட்ச்மேன் வீட்டம்மா தன் நைட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெரிய பெரிய செம்பருத்திப் பூப் போட்ட நைட்டி. கூடவே ஒரு கிண்ணம் நல்லெண்ணெயும் மிளகு போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள், இன்னொரு கிண்ணத்தில் சீயக்காய்த் தூளும் வைத்தாள்.

வாசலுக்கென்று சுண்ணாம்பால் குறித்திருந்த இடத்தில் பிரகாசி உட்கார்ந்தாள்.

டீச்சர் உச்சந்தலையில் எண்ணெயை வைத்துப் பரபரவென்று தேய்த்தாள். மூன்று மாதத்துக் கவலை காதுவழியாக இறங்குவதுபோல் இருந்தது. அரைமணி நேரம் ஊறவிட்டு, சீயக்காயைக் கரைத்து அப்பினாள். நெற்றியில் வழிந்தது. கண்ணிலும் வழிந்தது.

“டீச்சர், கண்ணு எரியுது. தண்ணி எங்கே?”

“ஓடையிலே.”

அதோடு டீச்சரின் குரல் நின்றுபோயிற்று.

பிரகாசி இரண்டு தடவை கூப்பிட்டாள். கண்ணைத் திறக்கப் பார்த்தாள், இன்னும் எரிந்தது. எழுந்து நின்றாள். ஏழு தடவை வரைந்த இடம்தானே. வாசலிலிருந்து நேராக நாற்பது எட்டு வைத்தால் ஓடை.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு போனாள். ஆறாவது எட்டில் கால் சறுக்கியது.  நாற்பது எட்டு என்று எழுதியவள் அங்கே தரை சரிகிறது என்பதை எழுதவில்லை.

கையை நீட்டித் துழாவினாள். பாறை கிடைத்தது.

வெயில் வாங்கி வெதுவெதுப்பாக இருந்தது. தலைக்கு ஊற்றும்போது பிள்ளை அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொள்வதுபோல அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே பக்கவாட்டில் நகர்ந்தாள். எட்டுகளை எண்ணுவது எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை.

பாறை தீர்ந்த இடத்தில் காற்று குளிர்ந்தது. நிழல். காலுக்கடியில் வேர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிபோல இறங்கின. எங்கே கால் வைப்பது என்று அவள் யோசிக்கவில்லை. கால் வைத்த இடத்தில் வேர் இருந்தது. தண்ணீர்ச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. முகத்தில் சாரல் பட்டது.

அடுத்த எட்டில் தண்ணீர்.

அப்படியே நைட்டியோடு உட்கார்ந்துவிட்டாள். மூன்று தடவை முங்கி எழுந்து கண்ணைத் திறந்தாள். காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

திரும்பிப் பார்த்தால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் டீச்சர் நின்றிருந்தாள். சத்தம் போடாமல் கூடவே வந்திருக்கிறாள். கையில் சுண்ணாம்புச் சட்டி. வாசலிலிருந்து கிளம்பி, பாறையைச் சுற்றி, வேர் வழியாக இறங்கி, ஓடை வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து கிடந்தது.

“அருவியைப் பார்த்தீங்களாக்கா?”

“சீயக்காயை வச்சுக்கிட்டு எங்கே டீச்சர் பார்க்க?”

சொல்லி முடித்ததும் பிரகாசி வாயைப் பொத்திக்கொண்டாள். அருவியைப் பார்த்துக்கொண்டே போகத்தான் கண்ணாடிச் சுவர் என்று விளக்கியவள் அவள்தானே.

டீச்சர் பேனாவைத் திறந்து, பிளானை நீட்டி, கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று கேட்டாள். பிரகாசி அதை வாங்கி எட்டாக மடித்தாள். ஈரக் கல்லின்மேல் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டாள்.

பதினோரு மணிக்குச் செண்பகராமன் வந்தார். முதலில் செம்பருத்தி நைட்டிதான் அவர் கண்ணில் பட்டது. பிறகு கோடு.

கூட வந்த பாறை உடைக்கிறவர், வெடி வைக்க எங்கே குழி போடணும் என்று கேட்டார்.

“உங்களுக்கு இங்கே சோலி இல்லை அண்ணாச்சி. மோர் குடிச்சிட்டுப் போங்க,” என்றாள் பிரகாசி.  

செண்பகராமனுக்கு முகம் சிவந்துவிட்டது. கண்ணாடிச் சுவர் எங்கே, அருவிக் காட்சி எங்கே, இதென்ன மாடு மோண்டுகிட்டே போன மாதிரி ஒரு கோடு என்று சத்தம் போட்டார். நேரான வழிக்கு என்ன கேடு வந்தது என்றார். நீங்களாவது சொல்லுங்கள் என்று டீச்சர் பக்கம் திரும்பினார்.

டீச்சர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரகாசி சீயக்காய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.

“செருப்பைக் கழற்றிட்டு இப்படி உட்காருங்க முதலாளி. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கோங்க.”