எட்டு விளக்கில் ஒன்று

"எட்டும் புதுசும்மா. ஆனா ஒண்ணுகூட நின்னு எரிய மாட்டேங்குது," என்றார் மெய்யப்பன்.

நாச்சியார் அம்மா அண்ணாந்து பார்த்தார். ஞாயிறுதோறும் அவர் வகுப்பு எடுக்கும் மாடி அறையின் கூரையில் எட்டு சின்ன விளக்குகள். எரிவதும் அணைவதுமாக ஒரே கும்மாளம். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

மெய்யப்பனுக்கு வரவில்லை. அறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. பழைய ஹாலோஜன் பல்புகளைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டியதும் அவர்தான்.

"பழசு என்னப்பா பண்ணுச்சு?"

"ஒரே சூடும்மா. கரண்டையும் இழு இழுன்னு இழுக்குது."

"சரி."

மெய்யப்பன் தயங்கினார். மனசில் இருந்தது விளக்கு இல்லை.

"வகுப்பையே நிறுத்தப் போறீங்கன்னு சொல்றாங்களே, நிஜமாம்மா?"

"நிஜம்தான். பேச உக்காந்தா ரெண்டு வார்த்தை வருது. அதோட நின்னு போயிடுது."

இந்த வகுப்பு இல்லாவிட்டால் மெய்யப்பனுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது.

"உங்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாதுன்னு எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சேன். அந்த மிக்சர் கடை சந்தானத்தைக்கூட வர வேண்டாம்னு சொல்லிட்டேன். மனுஷன் நீங்க ஒண்ணு சொன்னா ஒன்பது கேப்பாரு. கேட்டுக் கேட்டே உங்களை ஒரு வழி பண்ணிடுவாரு. இப்ப வர்றவங்க எல்லாம் தங்கம். வாயே திறக்கறதில்லை."

"ஆமா," என்றார் அம்மா. "திறக்கறதே இல்லை."

பிறகு, "அந்தப் பழைய பல்புல ஒண்ணை எடுத்துட்டு வா," என்றார்.

சுவிட்சை அணைத்தார்கள். ஸ்டூலில் ஏறி, ஓர் எல்இடியைக் கழற்றி, அந்த இடத்தில் பழையதை மெய்யப்பன் மாட்டினார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அம்மா சொன்னால் செய்ய வேண்டியதுதான்.

"இப்பப் போடு."

எட்டும் எரிந்தன. ஒன்றும் ஆடவில்லை, அசையவில்லை.

"இது எப்படிம்மா?"

"மேல கூரைக்குள்ள, இந்த எட்டுக்கும் கரண்ட் குடுக்கற சின்ன டிரான்ஸ்பார்மர் ஒண்ணு ஒக்காந்திருக்கில்ல? அது அள்ளிக் குடுத்தே பழகினது. கேக்கறது ரொம்பக் கொஞ்சமா இருந்தா, கீழ ஆளே இல்லைன்னு நெனச்சு நின்னுடும்."

சொல்லிவிட்டு அம்மா விளக்கடியில் உட்கார்ந்துகொண்டார்.

மெய்யப்பன் விளக்கைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடி விளக்கைப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலைக்கூட எடுத்து வைக்காமல் படியிறங்கிவிட்டார்.

கடையில் சந்தானம் காராபூந்தி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு வந்துடுங்க," என்றார் மெய்யப்பன். "தப்பு என்னோடதுதான்."

சந்தானத்தின் முகம் மலர்ந்துவிட்டது. தராசை அப்படியே விட்டுவிட்டார்.

"வர்றேங்க. இனிமே யாருக்கும் தொந்தரவு குடுக்க மாட்டேன். ஒரே ஒரு சின்னக் கேள்வி, அதை மட்டும் கேட்டுட்டு கம்முனு உக்காந்துக்கறேன்."

"அது பத்தாதுங்க," என்றார் மெய்யப்பன்.