மதகடியில் அரசன் சொன்ன பதில்

வெகுகாலத்துக்கு முன், ஓர் ஆடிப் பதினெட்டாம் நாள் காலையில், கடம்பூர் ஏரி வாரியத்தார் ஐந்து பேர் அரசன் வானவரையனின் வாசலில் வந்து நின்றார்கள். வெண்ணாவல் நாட்டை ஆண்ட அந்த அரசன் நல்லவன்தான். ஆனால் அவன் நினைத்தால் நினைத்ததுதான்.

ஆடிப்பெருக்கன்று ஏரி மதகைத் திறப்பது வழக்கம். அந்த ஆண்டு திறக்கக் கூடாது என்று ஆணை. கிணற்று நீர் ஊற்றி வளர்த்த நாற்று மஞ்சளடித்துப் பழுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் சில நாளில் நடாவிட்டால் கடம்பூருக்கு அந்த ஆண்டு சோறில்லை.

வாரியத்துக்கு ஆணையை மாற்றும் அதிகாரம் கிடையாது. காரணம் கேட்கலாம், அவ்வளவுதான். ஆனால் முடிவெடுத்தவர் எவரானாலும் மதகடிக்கு நேரில் வந்து, நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டும். பட்டமேற்ற புதிதில் அரசனே கொடுத்த வாக்கு அது. கொடுக்க வைத்தவர் மந்திரி காரிநாதர். அரசனோ இம்முறை போக மறுத்தான்.

காரிநாதர் இப்போது அரசனின் முகத்தைப் பார்த்தார். சித்திரையிலிருந்து அரசி ஆதிநங்கை படுக்கையில் கிடக்கிறாள். அரசனின் கண்ணில் தூக்கம் இல்லை. அவனைக் கடிந்துகொள்ள மந்திரிக்கு மனம் வரவில்லை.

"மாற்ற முடியாதவர்களுக்குக் கேள்வி எதற்கு? பல் போன பாம்பு சீறினால் யார் பயப்படுவார்கள்?" என்றார் வில்லவராயர். மந்திரி ஆசனத்தின் மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்தவர் அவர்.

"சரியாகச் சொன்னீர்கள்," என்றார் காரிநாதர். "இதற்குப் போய் அரசர் அலைவானேன்? வில்லவராயரே போகட்டும். அவர் வாய்க்கு எதிரே நிற்க யாரால் முடியும்?"

வில்லவராயர் மீசையை நீவிக்கொண்டு பல்லக்கில் ஏறினார். காரிநாதர் பின்னால் நடந்தே போனார்.

மதகடியில் வாரியத் தலைவி கொற்றி கும்பிட்டாள். "வாங்க ஐயா. மதகை மூடி வைக்க முடிவெடுத்தது யார்?"

"அரசர்தான். வேறு யார்?"

"அப்படியானால் காரணம் அவருக்குத்தானே தெரியும்? நீங்கள் எதற்கு வெயிலில் வந்தீர்கள்?"

"எனக்கும் தெரியும் அம்மா. யோசனையே என்னுடையது!"

"ஓகோ! அப்படியென்றால் முடிவு உங்களுடையது. அரசர் தலையாட்டினார். அப்படித்தானே?"

வில்லவராயருக்கு வியர்த்தது. "ஐயோ, நான் அப்படிச் சொல்லவில்லை! முடிவு அரசருடையதுதான்!"

"அப்படியானால் அவரையே வரச் சொல்லுங்கள் ஐயா."

கூட்டம் சிரித்தது. பல்லக்கு வந்த வழியே திரும்பியது.

"அந்த வாரியத்தைக் கலைத்துவிடுகிறேன்!" என்று, செய்தி கேட்ட அரசன் எழுந்தான்.

"கலைக்கலாம் அரசே," என்றார் காரிநாதர். "ஆனால் கலைப்பதும் ஒரு முடிவுதான். ஏன் கலைத்தீர்கள் என்று கேட்பார்கள். அதற்கும் தாங்களே மதகடிக்குப் போக வேண்டியிருக்கும்."

அரசன் முறைத்தான். பிறகு, பல நாளுக்குப் பின் முதல்முறையாக, அவன் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. "சரி, வாரும் போகலாம்," என்றான்.

மதகடியில் அரசன் நின்றான். கொற்றி கேட்டாள். அவன் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான்: "அரசி நாளெல்லாம் சன்னல் வழியே இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிகிறது. ஏரி வற்றிவிட்டால்..."

கொற்றி அடுத்த கேள்வியைக் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"எங்களைக் கேட்காதது போகட்டும் மகாராஜா. அரசியம்மாவைக் கேட்டீர்களா?"

அரசன் மந்திரியைத் திரும்பிப் பார்த்தான். மந்திரி வேறெங்கோ பார்த்தார்.

அன்று மாலை கட்டிலோரம் உட்கார்ந்து அரசன் கேட்டான். ஆதிநங்கை மெல்லச் சொன்னாள்: "தண்ணீரையா பார்த்தேன்? கரைக்கு அந்தப் பக்கம் நடவு நடும் பெண்களைப் பார்க்கத்தான் காத்திருக்கிறேன். காற்று இப்படி அடித்தால் அவர்கள் பாட்டுகூடக் கேட்கும். இந்த ஆண்டு ஏன் ஒருத்தியையும் காணோம்?"

மறுநாள் காலை அரசனே மதகைத் திறந்தான். வாய்க்காலில் தண்ணீர் ஓடிய பிறகு கொற்றிக்குப் பட்டுச் சேலையும், காரிநாதருக்குத் தன் கைக் கணையாழியும் கொடுத்தான்.

"வில்லவராயருக்குப் போட்ட பொறியில் என்னையும் பிடித்துவிட்டீர்," என்றான்.

"பொறி அவருக்குத்தான் அரசே. தங்களுக்குக் கதவைத்தான் திறந்தேன்."

"யோசனை என்னுடையது என்றீராமே?" என்று வில்லவராயர் பக்கம் திரும்பினான் அரசன். "இனி வாரியம் கூடும் நாளெல்லாம் நீரும் அங்கே போய் உட்காரும். பேச வேண்டாம். காது கொடுத்தால் போதும்."

அந்த ஆண்டு நடவுப் பாட்டு அரண்மனை வரை கேட்டது. தையில் அறுவடை முடிந்தது. மாசி பதினோராம் நாள் அரசி ஆதிநங்கை காலமானாள்.

அடுத்த ஆடிப் பதினெட்டாம் நாள் காலையில், யாரும் அழைக்காமலே அரசன் மதகடிக்கு வந்து நின்றான். மதகு திறக்கப்பட்டது.